ஏழாவது ஸ்க்ரூ

சேரப்பணஞ்சேரி செல்வமேரிக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாய் நீளமெல்லாம் இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இனிமேல் கம்பெனி பஸ் ஊருக்குள் வராது, எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்துவிடுங்கள் என்று டிரைவர் அறிவித்தான். செல்வமேரி டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"வந்தா வண்டிக்கு உள்ள வரேன், இல்லாட்டி வண்டிக்கு அடியில வரேன். இன்னா வேணும்னு உங்க ஆபீஸ்ல கேட்டுக்கினு வா" என்றாள்.

டிரைவர் போனில் யாரிடமோ கெஞ்சினான். அன்றிலிருந்து இன்றுவரை பஸ் ஊருக்குள் வந்துதான் போகிறது. அதில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர், மேரிக்கு வாய் நீளம் என்று அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளுக்கு வயசு நாற்பத்தொன்று. புருஷன் அமலன் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு செய்கிற ஒரகடம் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாக அவள் காண்ட்ராக்டில் இருக்கிறாள். மூன்றாம் லைனின் கடைசி டேபிள் அவளுடையது. அவளையும் சேர்த்து அங்கே எட்டுப் பெண்கள். செய்து முடித்த போர்டை ஓர் அலுமினியத் தட்டின்மேல் வைத்து, ஒன்பது ஓட்டையிலும் ஸ்க்ரூ முடுக்கி, சூடான அறைக்குள் நான்கு மணி நேரம் ஓடவிட வேண்டும். அந்த அறைக்குப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் இட்லிப்பானை. வெந்து வெளியே வரும்போது பச்சை விளக்கு எரிந்தால் போர்டு பெட்டிக்குப் போகும். சிவப்பு எரிந்தால் லைன் பெயரில் ஒரு கோடு விழும்.

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள் புது மாடல் இறங்கியது. பெங்களூரில் இருக்கிற ஒரு டிசைன் ஆபீஸ் போட்டுக் கொடுத்த போர்டு. இதுவரை வந்ததிலேயே இதுதான் வேகமானது என்று ஷிஃப்ட் மீட்டிங்கில் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். அதற்கென்ன, கைதானே.

மேலேயிருந்து ஸ்பிரிங்கில் தொங்குகிற எலக்ட்ரிக் டிரைவரை இழுத்து ஸ்க்ரூவின் தலையில் வைத்தால், அது தானே முடுக்கி, குறித்த இறுக்கம் வந்ததும் தானே நின்றுவிடும். செல்வமேரி ஒன்றிலிருந்து ஆறுவரை முடுக்கினாள். ஏழாவது ஸ்க்ரூ நிற்கிற நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. பேனை நகத்தில் வைத்து நசுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அவ்வளவு இரைச்சலில் காதில் விழுந்ததைவிட விரலில்தான் அது அதிகம் தெரிந்தது.

பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். ஏழாவது ஓட்டையை ஒட்டினாற்போல் கடுகளவில் ஒரு கெப்பாசிட்டர். ஓட்டைக்கும் அதற்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை. மறுபக்கம் மெமரி ஸ்லாட் போர்டை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ இறுகும்போது போர்டு வளைவதற்கு அந்த ஒரே இடம்தான் மிச்சம். வளைகிற இடத்தில் கடுகு விரிசல் விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அங்கே ஒருநாள் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினால் போதும். ஆனால் போர்டைப் போட்டவர்கள் யாரும் உட்கார்ந்து முடுக்கியதில்லையே!

அன்றைக்கு ஓடியது இருநூறு போர்டு. அதில் சிவப்பு முப்பத்தொன்று.

குவாலிட்டி எஞ்சினியர் லோகேஷிடம் சொன்னாள். லோகேஷ் பொல்லாதவன் இல்லை, பயந்தவன். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"அக்கா, டிசைன் போட்டவங்க பெரிய பெரிய ஆளுங்க. நம்ம கையிலதான் எங்கியோ தப்பு இருக்கும். புக்ல போட்டிருக்கற மாதிரி முடுக்குங்க" என்றான்.

"புக்கு மாதிரிதான் முடுக்கறோம். நீ வந்து ஒரு தபா முடுக்கு தம்பி, உனக்கே கேக்கும்."

வருகிறேன் என்றான், வரவில்லை. மறுநாள் சிவப்பு நாற்பதைத் தாண்டியது. அடுத்த ஷிஃப்ட் மீட்டிங்கில் புரொடக்ஷன் மேனேஜர் இராமச்சந்திரன் எட்டுப் பெண்களையும் முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்தார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போர்டு சரியில்லையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றார். முந்நூறு பேரும் சிரித்தார்கள்.

"கூடம் கோணல்தான் சார். ஒரு தபா வந்து பாத்துட்டு அப்பால சிரிங்க" என்றாள் செல்வமேரி.

சிரிப்பு நின்றதே தவிர, பார்க்க அவரும் வரவில்லை.

அன்று மத்தியானம் பேச்சி அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கிற பெண். ஊருக்குப் போய்வந்தே ஒரு வருஷமாகிறது.

"யக்கா, இந்த ஏழாம் நம்பர மட்டும் கையால முடுக்குவமா? சத்தம் வாரதுக்கு முந்தியே நிப்பாட்டிருவோம்."

ஒவ்வொரு லைனிலும் இந்த மாதிரி ஏதாவது ஒன்று உண்டு. கைப்பக்குவம் என்பார்கள். ஒரு லைனில் போர்டை ஒருமுறை வாயால் ஊதிவிட்டு வைப்பார்கள். இன்னொரு லைனில் தட்டைத் திருப்பிப் போட்டு வைப்பார்கள். எந்த புக்கிலும் அது இருக்காது. எஞ்சினியரிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் புக்கைப் பார் என்பார். எஞ்சினியர்களும் கேட்க மாட்டார்கள். கணக்குச் சரியாக வந்தால் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

செல்வமேரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு சின்னக் கை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீலக் கோட்டின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ஏழாவது ஸ்க்ரூ மட்டும் கையால், சத்தம் வருவதற்கு அரைச் சுற்று முன்பே நிறுத்திவிடவேண்டும் என்று மற்ற ஏழு பேரிடமும் சொல்லி, அவர்களுக்கும் ஆளுக்கொரு கை டிரைவர் கொடுத்தாள். சத்தமும் போனது, சிவப்பும் போனது.

அந்த மாசக் கடைசியில் மூன்றாம் லைன்தான் சிறந்த லைன். சுவரில் எட்டுப் பேர் போட்டோ. ஆளுக்கொரு ஹாட்பேக். இராமச்சந்திரனே கையால் கொடுத்தார். வாங்கும்போது செல்வமேரிக்குக் கூசியது. ஆனாலும் வாங்கினாள். அவளைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு இதை மட்டும் மறைத்தால், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாகிவிடும்.

ஏப்ரலில் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன.

கடையிலும் ஆபீஸிலும் போர்டை வாங்கியவர்கள் அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்து முடுக்குவார்கள் இல்லையா? அவர்களுக்கு ஏது கைப்பக்குவம்? முழுசாகத்தான் முடுக்குவார்கள். இருபது நாள், முப்பது நாள் நன்றாக ஓடும். திடீரென்று ஒருநாள் அணைந்துவிடும். சில இடங்களில் கருகல் நாற்றம் வந்ததாம். கூட்ஸ் வாசலில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு ஏறின. திரும்பி வந்த ஒரு போர்டை செல்வமேரி விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகு கறுத்துப்போயிருந்தது. மாதாவே, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

யார் செய்த தப்பு என்று மேலேயிருந்து கேள்வி வந்தது. கேமராவில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார்கள். எட்டுப் பெண்களும் ஏழாவது ஸ்க்ரூவுக்கு மட்டும் பாக்கெட்டில் கைவிடுவது பளிச்சென்று தெரிந்தது. இராமச்சந்திரனுக்குத் திருடனைப் பிடித்த சந்தோஷம். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் செல்வமேரியை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை முன்னால் தள்ளினார். தமிழில் டைப் செய்திருந்தது.

'நானும் என் லைனைச் சேர்ந்த ஏழு பேரும் கவனக்குறைவால் ஏழாவது ஸ்க்ரூவை முழுமையாக முடுக்காமல் விட்டோம். போர்டுகள் பழுதானதற்கு இதுவே காரணம்.'

"ஸ்க்ரூ பிடிக்காம சூடு பண்ணதால போர்டு கெட்டுப்போச்சுன்னு ரிப்போர்ட் எழுதியாச்சு. நாளான்னிக்கு டிசைன் ஆபீஸ்லேர்ந்து ஆள் வராங்க. இதைக் காட்டி முடிச்சிடலாம். போடும்மா கையெழுத்து" என்றார்.

"மொத வரி பாதி நெசம் சார். கவனிச்சதாலதான் அப்டி முடுக்கினோம். ரெண்டாவது வரி முழுப் பொய்."

"நீ எதுக்குப் பயப்படறே? உனக்கு மூணு நாள் சஸ்பென்ஷன், லீவு மாதிரி நினைச்சுக்கோ. அடுத்த மாசம் பெர்மனென்ட் லிஸ்ட் வருது. உன் பேர் இருக்கு, நானே பாத்தேன்."

"மத்த ஏழு பேரு?"

இராமச்சந்திரன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "காண்ட்ராக்ட் பொண்ணுங்கதானே. ஒரகடத்துல வேற கம்பெனியா இல்ல?"

இதற்கு முன்னால் ஒரு வயர் கம்பெனியில் அவள் வேலை பார்த்தபோது, வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு இங்கிலீஷ் காகிதம் நீட்டினார்கள். எல்லாரும் போட்டார்களே என்று அவளும் போட்டாள். தானே விருப்பப்பட்டு வேலையை விடுவதாக எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து, படிக்காமல் போட்ட தன் புத்தியைத் தானே திட்டித் திட்டி அழுதாள். இந்தக் காகிதத்தை அவள் மூன்று முறை படித்தாள்.

"படிச்சிட்டேன் சார். போட மாட்டேன்."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சிதான் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் அமலன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த லிஸ்ட்டுக்கு எட்டு வருசம் காத்துக்கினு இருந்தே. போடுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "ஆனா மேரி, ஸ்க்ரூவ லூஸா வுட்டது நீங்கதானே?"

"ஆமா. அதான் குத்துது."

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். செல்வமேரியின் மடியில் கனம் இருந்தது. போர்டின்மேல் தப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போதெல்லாம் அந்த அரைச் சுற்று நடுவில் வந்து நின்றது. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நேரம் நினைத்தாள். அப்புறம், முந்நூறு பேர் சிரித்தது ஞாபகம் வந்தது. போயும் போயும் பொய்க்குக் கையெழுத்துப் போட்டா பெர்மனென்ட் ஆகவேண்டும், த்தூ, என்று தோன்றியது.

மறுநாள் கேன்டீனில் பேச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள்.

"நாந்தானக்கா முதல்ல சொன்னேன். எம் பேரச் சொல்லிருங்க. நீங்களாவது தப்பிச்சுக்கிடுங்க."

"வாயை மூடிக்கினு சாப்புடு. நீ சொன்னே, நான் செஞ்சேன், மத்தவங்களையும் செய்யச் சொன்னேன். மொதல்ல ஸ்க்ரூ டிரைவர் என் பாக்கெட்லதான் இருந்துச்சு" என்று அதட்டினாள். அதட்டிவிட்டுத் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

டிசைன் ஆபீஸிலிருந்து சத்யப்பிரியா வந்தாள். அந்த போர்டைப் போட்ட குழுவுக்குத் தலைமை அவள்தான். இராமச்சந்திரன் கூடவே நடந்து, ஆபரேட்டர் தப்பு மேடம், ஸ்டேட்மென்ட் ரெடி, கையெழுத்து இப்போ வந்துடும் என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் லைனுக்கு அழைத்து வந்தார். பின்னால் லோகேஷ். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு.

செல்வமேரி எழுந்து நின்றாள்.

"மேடம், ஒரு நிமிசம்."

"மேரி, வேலையைப் பாரு" என்றார் இராமச்சந்திரன்.

"வேலையைத்தான் சார் பாத்துக்கினு கீறேன்." அவள் மேலே தொங்கிய எலக்ட்ரிக் டிரைவரை இழுத்து சத்யப்பிரியாவிடம் நீட்டினாள். "நீங்க போட்ட போர்டு மேடம். நீங்களே முடுக்குங்க. புக்ல எப்டி கீதோ அப்டியே."

பக்கத்து லைனில் கைகள் நின்றன. இராமச்சந்திரன் முகம் கறுத்துவிட்டது. சத்யப்பிரியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டிரைவரை வாங்கிக்கொண்டாள்.

முதல் போர்டு. ஒன்பது ஸ்க்ரூவும் ஏறியது. சத்தமே இல்லை. இரண்டாவது போர்டு. அதிலும் இல்லை. இராமச்சந்திரன் லேசாகச் சிரித்தார். பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, மானத்தை வாங்கிடாதே என்று செல்வமேரி நின்றாள்.

மூன்றாவது போர்டு, ஏழாவது ஸ்க்ரூ. டிக்.

சத்யப்பிரியாவின் கை அப்படியே நின்றது. விரலில் தெரிந்துவிட்டது அவளுக்கு. யாரும் சொல்லாமலே அவள் நான்காவது போர்டை எடுத்தாள், ஐந்தாவதை எடுத்தாள். பத்து போர்டு முடுக்கினாள். நான்கில் டிக். பூதக்கண்ணாடியை இழுத்து வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்று பின்னாலிருந்து லோகேஷ் குரல் வந்தது. "இந்த அக்கா முதல் நாளே எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் வந்து பாக்கல."

அடேயப்பா, அவனுக்கும் வாய் இருந்திருக்கிறது.

சத்யப்பிரியா நிமிர்ந்தாள். "தப்பு எங்களோடதுதான். அந்தக் கெப்பாசிட்டர் அங்க இருக்கக் கூடாது" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. பேச்சி பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் சத்யப்பிரியா எழுந்திருக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன். மூணாவது நாள்லேர்ந்து எல்லாம் பச்சைன்னுதான் எங்களுக்கு ரிப்போர்ட் வந்துச்சு. அந்தச் சிவப்பு அப்படியே வந்திருந்தா ஒரே வாரத்துல மாடலை நிறுத்தியிருப்போம். ஒரு போர்டுகூட வெளிய போயிருக்காது. ஏன் மறைச்சீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று செல்வமேரிக்குத் தெரியும். மூன்று நாளாக அவளே அவளைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். மேனேஜரைக் கைகாட்டிவிடலாம். காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

"சிவப்பு எரிஞ்சா முந்நூறு பேருக்கு முன்னால நிக்க வெப்பாங்க. பச்சை எரிஞ்சா ஹாட்பேக் தருவாங்க. இங்க சட்டம் அவ்ளோதான் மேடம்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா மறைச்சது மறைச்சதுதான். அது தப்பு. இவங்க ஏழு பேரையும் அப்டி செய்யச் சொன்னது நான். அதை நானே எழுதித் தரேன். போர்டு கெட்டது எங்களாலதான்னு மட்டும் எந்தக் காயிதத்திலயும் எழுத மாட்டேன்."

பேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வமேரி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அடங்கிவிட்டாள்.

இரண்டே வாரத்தில் அந்த மாடலை நிறுத்தினார்கள். விற்ற போர்டுகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. கெப்பாசிட்டரை ஒரு விரற்கடை தள்ளி வைத்து வேறு போர்டு வந்தது. ஏழு பெண்களும் அதே டேபிளில் இருந்தார்கள். பெர்மனென்ட் லிஸ்ட்டும் வந்தது. அதில் செல்வமேரி பெயர் இல்லை. லிஸ்ட்டுக்குப் பதிலாக அவளை இராமச்சந்திரன் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

'அனுமதியில்லாத முறையில் ஸ்க்ரூ முடுக்கியதற்காகவும், பிறரை அவ்வாறு செய்யச் சொன்னதற்காகவும் தாங்கள் கடுமையாக எச்சரிக்கப்படுகிறீர்கள்' என்றது கடிதம். கீழே, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.

அவள் படித்தாள். நிதானமாக இன்னொரு முறை படித்தாள். சண்டை வரும் என்று இராமச்சந்திரன் மேஜைமேல் இருந்த தண்ணீர் கிளாஸைக்கூட ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்.

"பேனா குடுங்க சார்."

"என்னம்மா, ஒண்ணும் கேக்கலியா?"

"இதுல எழுதியிருக்கறது நான் செஞ்சது. பொய்யி ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகப் போட்டாள்.

இராமச்சந்திரனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் மேனேஜர் குரலும் வந்தது. "சரி. இனிமே இந்த மாதிரி நடக்காதில்ல?"

"நடக்காது சார்" என்றாள் செல்வமேரி, பேனாவை மூடி மேஜையில் வைத்துக்கொண்டே. "இனிமே சத்தம் கேட்டா ஸ்க்ரூவ லூஸ் பண்ண மாட்டேன். லைனை நிறுத்திடுவேன். அதுக்கும் ஒரு லெட்டரு இப்பவே டைப் பண்ணி வெச்சிக்குங்க."